கனடாவுக்கு அனுப்பினால் கஞ்சா விட்டுப்போகுமா

போன மாதம் மானிப்பாயில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்பதுதான் விடயம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய மட்டும் வளர்க்கலாம் என்று அரசாங்கம் இடம்கொடுக்கிறதாகப் பத்திரிகையில் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துச் சந்திகளில் எல்லாம் இதே கதைதான். என்னோடு வேலை செய்த இளம் தாதிமார் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, "மிஸி, நீங்கள் கட்டாயம் வந்து கதைக்கவேணும்" என்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் தாதி என்றால் மிஸிதான். ஓய்வு பெற்றபிறகும் அந்தப் பட்டம் போகாது.

வாசலில் நின்றவர், "அம்மா, ஆதரவு எண்டால் வலப்பக்கம், எதிர்ப்பு எண்டால் இடப்பக்கம்" என்றார். "தம்பி, ஃபான் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் இருக்கிறன்" என்றேன். ஃபான் இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் அன்றைக்கு முழுக்க நான் எதிர்ப்பாளர் கணக்கில் இருந்தேன்.

ஒரு சட்டத்தரணி எழும்பி, சாராயத்துக்கு வரி வாங்குகிற அரசாங்கம் சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்ட பெடியளை மறியலுக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டார். சிறைக்குள் போய் வந்தவன் அங்கே ஹெரோயின் தூளையும் பழகிக்கொண்டுதான் வெளியே வருகிறான் என்றார். சரியான பேச்சு. உடனே ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர் எழும்பி, கடலால் களவாக வந்து இறங்குவதையே தாங்க முடியவில்லை, கடையிலும் வைத்து விற்றால் வகுப்பறையில் ஆர் மிஞ்சுவார்கள் என்று கேட்டார். அதுவும் சரியான பேச்சு. இரண்டு பேரும் சரியாகப் பேசியதால் சண்டை பெரிதாகிவிட்டது. கடைசியில் எனக்கு ஒலிவாங்கி தந்தார்கள். நான் ஒரு போத்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கவும் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அந்தப் போத்தல் கதையைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. அதனால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். புதுப் பெயர்களைத் தெரிவு செய்ததும் அவர்கள்தான், அதற்கும் அந்த வீட்டில் ஒரு சண்டை நடந்தது.

நான் தாதியானது பெரிய இலட்சியத்தோடு அல்ல. முதல் தரம் ஊசி போடுவதைப் பார்த்து மயங்கி விழுந்தவள் நான். பயிற்சி முடிந்து வேலைக்கு வந்தபோது மனநல விடுதிக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை, புதிதாக வந்தவளின் தலையில் கட்டினார்கள். "விசர் வாட்டிலை வேலை செய்யிறாள்" என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுழித்தார்கள். ஒரு வருடம் பொறுத்துக்கொண்டு மாற்றம் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த வருடத்துக்குள் அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. ஓய்வு பெறும்வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன்.

பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் எங்கள் பெரிய டொக்டர். அவர் மேசைக்குப் பின்னால் இருந்து நோயாளியைப் பார்த்ததை நான் கண்டதில்லை. கதிரையை இழுத்து நோயாளிக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டு பேரும் யன்னலைப் பார்த்தபடி, பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் போகிறவர்கள் மாதிரி இருந்து கதைப்பார். முகத்துக்கு நேரே கேட்டால் அதுகள் பாவம் பொய் சொல்லவேண்டி வரும் என்பார். முதலில் சாப்பாடு, பிறகு நித்திரை, பிறகு குளிப்பு. இவை மூன்றையும் விசாரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். அடுத்த கேள்வியும் "கஞ்சா பாவிக்கிறனியோ?" என்று வராது. "என்ன பாவிக்கிறனி, ஆரோடை?" என்றுதான் வரும். ஓம், இல்லை என்று தப்பிக்க அதில் வழி இல்லை.

பொய் சொல்கிறவர்களோடு அவர் கோபிக்கமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆகத் துப்புரவான பொருள் அவருடைய கண்ணாடிதான்.

கஞ்சா பாவிக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் விடுதிக்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அச்சுவேலிப் பக்கம் ஒரு வயதான மேசன் இருந்தார். இளவயதிலிருந்து பின்னேரத்தில் ஒரு இழுவை இழுக்கிறவர். சாரம் சரிந்து விழுந்து கால் முறிந்தபோதுதான் ஆஸ்பத்திரி வாசலை முதல் தரம் கண்டார். அவர் கட்டிய மதில்கள் இன்றைக்கும் நேராக நிற்கின்றன. நான் அவரைப் பற்றிக் கேட்டபோது டொக்டர், "இறால் திண்டு ஊரே சந்தோசமாய் இருக்கும், ஒருத்தனுக்கு மட்டும் உடம்பெல்லாம் தடிக்கும். ஆருக்குத் தடிக்கும் எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது மிஸி, அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

அப்படித் தடித்தவர்களில் ஒருவன்தான் கஜன். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அச்சுவேலிக்குக் கிட்ட, வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரக் குடும்பம். தகப்பன் செல்வராசா அண்ணை. தாய் ரத்தினம் அக்கா. ஒரே பிள்ளை. நல்லாய்ப் படித்த, வாய்ப்பேச்சுள்ள பெடியன், கனடாவுக்குப் படிக்கப் போக அலுவல்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாள் அவன் வீட்டுக் கிணற்றைத் தகரத்தால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டார் நஞ்சு கலக்கிறார்கள் என்று மேலே ஏறி இருந்துவிட்டான். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, யாரையும் நம்பவில்லை.

எங்கள் சனத்தின் கெட்டித்தனம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கிணற்று மோட்டர் பழுது என்று சொல்லி ரத்தினம் அக்கா அயல்வீட்டில் தண்ணீர் அள்ளினார். அதே அயலவர்தான் நஞ்சு வைக்கிறார்கள் என்று மகன் கத்துகிறான், தாய் அவர்களிடமே வாளியோடு போய்ச் சிரித்துக் கதைத்துவிட்டு வருகிறார். செய்வினை என்று யாரோ சொல்லக் கையில் நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். மகன் கஞ்சா பாவிக்கிறான் என்று தகப்பனுக்கு முதலே தெரியும். ஆனால் அந்தச் சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. பெடியன் எலும்பும் தோலுமாகிப் போனபிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

புதிதாக வந்தவர்களின் சலத்தை, அதாவது சிறுநீரை, இரண்டு பங்காக எடுப்பது எங்கள் விடுதி வழக்கம். ஒன்றில் போதைப்பொருளைக் காட்டும் கடதாசிப் பட்டியை விட்டுப் பார்ப்போம். மற்றது பொதுவான பரிசோதனைக்கு ஆய்வுகூடத்துக்குப் போகும். அன்றைக்கு விடுதி நிறைய ஆட்கள். "பெடியன் தள்ளாடுறான் மிஸி, நான் பிடிச்சுக்கொண்டு போறன்" என்று செல்வராசா அண்ணை போத்தலை வாங்கிக்கொண்டு மகனோடு மலசலகூடத்துக்குப் போனார். நிறைத்துக்கொண்டு வந்து தந்தார். பட்டியில் கஞ்சா இல்லை என்று வந்தது. நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பின்னேரம் ஆய்வுகூட முடிவும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு டொக்டர் தாய் தகப்பன் இருவரையும் கூப்பிட்டார். கஜனும் கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கடை மகனிட்டைக் கஞ்சா துண்டற இல்லை" என்றார் டொக்டர்.

"எனக்குத் தெரியும் ஐயா. எங்கடை குடும்பத்திலை உந்தப் பழக்கம் ஒண்டும் இல்லை" என்றார் புகையிலைத் தோட்டக்காரர். சேட்டுப் பையில் சுருட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆனால் சீனி இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்லை. வாட்டிலை எல்லாருக்கும் தேத்தண்ணி போடலாம்."

ரத்தினம் அக்கா தலையில் கைவைத்தார். "ஐயோ, இந்த வயசிலையோ!"

"ஓம். இண்டைக்கே இன்சுலின் ஊசி தொடங்கவேணும். ஒவ்வொரு நாளும். மிஸி, மருந்தை எடுங்கோ."

நானும் சும்மா இருக்கவில்லை. தட்டத்தை எடுத்துச் சத்தம் கேட்கிற மாதிரி வைத்தேன். உள்ளே வெறும் பஞ்சுதான் இருந்தது. செல்வராசா அண்ணைக்கு வியர்த்து ஊற்றியது.

"டொக்டர்... பொறுங்கோ... அது என்ரை."

"என்னது உங்கடை?" என்றார் ரத்தினம் அக்கா.

"சலம்."

ரத்தினம் அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அப்ப உங்களுக்கோ சீனி? எவ்வளவு காலமாய்? நான் விடிய விடிய உங்களுக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்துறன், நீங்கள் ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிக்கிறியள்!" மகன் என்றொருவன் கட்டிலில் இருப்பதே அவருக்கு மறந்துபோனது. அந்த நேரத்தில் கஜன் சிரித்தான். மனநோயில் சிரிக்கிற சிரிப்பு வேறு, இது வேறு. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், அன்றைக்கே இவன் தேறிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

"ஏன் ஐயா உப்படிச் செய்தனீங்கள்?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"பொலிசுக்குத் தெரிஞ்சால்? பேப்பரிலை வந்தால்? கனடாப் பயணமும் கெட்டுப் போயிடுமே."

"நான் பொலிஸ் இல்லை ஐயா. எனக்கு ஒரு விசில்கூடத் தரேல்லை" என்றார் டொக்டர். பிறகு கஜனுக்குப் பக்கத்தில் போய் இருந்து யன்னலைப் பார்த்தபடி, "சாப்பிட்டனியோ தம்பி?" என்று தொடங்கினார். அன்றைக்குக் கஜன் எல்லாவற்றையும் சொன்னான்.

மருந்தோடு சில வாரங்களில் கஜன் பழைய கஜனானான். கிணற்றுத் தகரத்தைத் தானே கழற்றினான். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அவனுக்குச் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவு. "தம்பி, அது மற்றவங்களுக்கு ஒத்துக்கொள்ளலாம். உனக்கு ஒத்துக்கொள்ளாது. சட்டம் விட்டாலும் விடாட்டிலும் உனக்கு அது கூடாது. திரும்பத் தொட்டால் இந்த வருத்தம் திரும்ப வரும். அடுத்த தரம் இப்பிடி மாறுமோ எண்டு என்னாலை சொல்லேலாது." செல்வராசா அண்ணைக்கும் மருந்து எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது என் பொறுப்பு. ஒரு நாள் என் ஸ்கூட்டியை வாசல் படலையடியில் நிறுத்த முதலே ரத்தினம் அக்கா சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். "மிஸி, கஜனுக்குக் கனடா விசா சரிவந்திட்டுது! இனிப் பயமில்லை. அங்கை நல்ல இறுக்கமான சட்டம். உந்தச் சனியன் அங்கை இராது."

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் பெடியன் படிக்காவிட்டால் கனடா, வேலை இல்லாவிட்டால் கனடா, அடிபட்டால் கனடா. இப்போது கஞ்சாவுக்கும் கனடா. "அக்கா, அங்கை அது கடையிலை விக்குது" என்றேன். அவர் நம்பவில்லை. அங்கே இருக்கிற தன் தம்பிக்கு உடனேயே வீடியோவில் அழைப்பு எடுத்தார். கஜன் போய்த் தங்கப்போவதும் அந்த மாமன் வீட்டில்தான். அவர் காருக்குள் இருந்து கதைத்தார்.

"ஓம் அக்கா, சந்திக்குச் சந்தி கடை இருக்கு. எங்கடை நகைக்கடையள் மாதிரிக் கண்ணாடி அலுமாரி, லைற் எல்லாம். வயசு பாத்துத்தான் உள்ளை விடுவாங்கள்."

"பொலிஸ் பிடிக்காதோ?"

"ஏன் பிடிக்கவேணும்? வேலை முடிஞ்சால் பொலிஸ்காரனும் வரிசையிலை நிப்பான்" என்று சிரித்தார் மாமன்.

ரத்தினம் அக்கா சிரிக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "அப்ப நான் இவனை எங்கை அனுப்புறது மிஸி?" என்று கேட்டார். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் துக்கமாக இருந்தது.

உள்ளே இருந்து கஜன் வந்தான். "அம்மா, அங்கை எண்டால் கடைக்கு நடந்து போகவேணும். இஞ்சை ஒரு போன் அடிச்சால் ஒழுங்கைக்குள்ளை கொண்டுவந்து தருவாங்கள்."

"எந்த ஒழுங்கை?" என்றார் செல்வராசா அண்ணை.

"எங்கடை வீட்டு வாசல் ஒழுங்கைதான் அப்பா."

கஜன் தாயின் மடியில் இருந்த போனை எடுத்தான். மாமன் இன்னும் அழைப்பில்தான் இருந்தார். "மாமா, ஒண்டு சொல்லவேணும். நான் கஞ்சா பாவிச்சனான். அதாலை எனக்கு விசர் வந்தது. ஆஸ்பத்திரியிலை இருந்தனான். அது திரும்ப வந்தால் முதல் என்ரை நித்திரை போகும். ரெண்டு நாள் நான் நித்திரை கொள்ளாட்டில் ஒண்டும் கேளாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ." மாமனின் சிரிப்பு நின்றுவிட்டது. "சரியடா தம்பி" என்று மட்டும் சொன்னார். விசர் என்ற சொல்லை நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் ஆளையாள் பேசப் பாவிக்கிறோம். தன்னைப் பற்றி ஒருவன் அதைச் சொந்தக்காரரிடம் சொல்ல நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவன் போனான். முதல் குளிர்காலத்தில், பகுதிநேர வேலைத்தலத்துக் கூட்டாளி ஒருவனின் பிறந்தநாளில், ஒருக்கால்தானே என்று இழுத்துவிட்டான். இரண்டாம் நாள் காலமை குசினித் தண்ணீர்க் குழாயைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டியிருந்ததை மாமன் கண்டார். நித்திரை கொண்டாயா என்று கேட்டார். இல்லை என்றான். மாமன் வேலைக்குப் போகாமல் அவனைக் காரில் ஏற்றினார். அங்கே டொக்டர் கேட்க முதலே, என்ன பாவித்தேன், ஊரில் என்ன மருந்து தந்தார்கள் என்று கஜன் எல்லாவற்றையும் சொன்னானாம். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் அவன் அதைத் தொடவில்லை.

கூட்டத்தில் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். கடை இருந்தபடியால்தான் பெடியனுக்குத் திரும்ப வந்தது என்று அதிபர் சொல்லலாம். பயமில்லாமல் வாய் திறந்து சொல்லக்கூடியதாக இருந்தபடியால்தான் தப்பினான் என்று சட்டத்தரணி சொல்லலாம். இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுப்பேன். என்னுடைய எண்ணத்தையும் மறைக்கமாட்டேன். கண்ணாடி அலுமாரியில் வைத்து விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கையில் ஒரு பொட்டலத்தோடு நிற்கிறவனை மறியலுக்கு அனுப்புவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கண்ட பெரிய சேதம் சனம் பயத்தில் பிந்தி வருவதுதான். சட்டம் எழுதுகிறவர்கள் அதை ஒருக்கால் யோசிக்கட்டும்.

இப்போது கஜனுக்கு அங்கே நல்ல வேலை. போன கிழமை ரத்தினம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு இடத்தில் பெண் பேசுகிறார்களாம். கஜன் போனில் ஒரே பிடியாம். "சொல்லிப்போட்டுப் பேசுறதெண்டால் பேசுங்கோ, மறைச்சுப் பேசினால் எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்றானாம். எங்கள் ஊரில் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியைக்கூட மறைப்பார்கள். ரத்தினம் அக்கா முந்தின நாள் தனியப் போய்ப் பெண்ணின் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"மிஸி, தந்த தேத்தண்ணியும் குடிக்கேல்லை. சொல்லி முடிச்சிட்டு எழும்பிப் போவம் எண்டுதான் இருந்தன்."

"அவ என்ன சொன்னவ?"

"போய்க் கதவைச் சாத்திப்போட்டு வந்தா. வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'எந்த டொக்டர் அக்கா?' எண்டு கேட்டா."

கலியாணம் சரிவந்ததா என்று கேட்பீர்கள். பெண்ணும் கஜனும் போனில் கதைக்கிறார்கள், அது அவர்களுடைய பாடு. ரத்தினம் அக்கா கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "மிஸி, அந்தப் பொம்பிளையின்ரை தாய் படலைக்கு வெளியிலை நிக்கிறா. தன்ரை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தவ. கூப்பிடட்டோ?" என்றார்.

கூப்பிடச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா, பின்னால் தலையைக் குனிந்தபடி வளர்ந்த பெடியன் ஒருவன். நான் கதிரையைக் காட்டினேன். அந்த அம்மா இருக்கவில்லை. நின்றபடியே என் முகத்தைப் பார்த்து, "மிஸி, இவன் என்ரை மகன். இவன் கஞ்சா பாவிக்கிறவன். நித்திரை இல்லாமல் இருக்கிறான்" என்றார். நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க ஒரு தாயும் வந்தவுடனே அதை என்னிடம் சொன்னதில்லை.